பெரியப்பாவின் கடன் கொப்பி

மதிப்புக்குரிய ஐயா,

ஊர்க்கடைகள் பற்றிப் போன வாரம் எழுதிய குறிப்பில் கடை முதலாளிமாரைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டீர்கள் என்று பட்டது. எங்கள் ஊர்க் கடைக்காரர் தட்டுப்பாட்டுக் காலத்திலும் கடனுக்குச் சாமான் தந்து எங்களைப் பார்த்துக்கொண்டவர். அம்மா இன்றும் அவரைச் சொல்லிக் கண் கலங்குவார். இப்போது நான் சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில் யார் காசு வாங்குகிறார் என்றுகூடப் பார்ப்பதில்லை. அந்தக் கடைகளை அழித்தது இவைதானே?

ஒரு வாசகி, தெஹிவளை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மாவின் கண்ணீரில் எனக்குச் சந்தேகமில்லை. கடிதத்தின் கடைசி வரியில்தான் சந்தேகம்.

என் பெரியப்பா குருநாகலுக்கு அப்பால் ஒரு சிங்களக் கிராமத்தில் கடை வைத்திருந்தார். காரைநகர், புங்குடுதீவு என்று தீவுப்பக்கத்திலிருந்து தெற்கே கடை வைக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். பள்ளி விடுமுறைக்கு அங்கே போவேன். சுருட்டு, கருவாடு, சவர்க்காரம் எல்லாவற்றின் மணத்தையும் மண்ணெண்ணெய் அடக்கிவிடும். கல்லாவுக்கு மேலே ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று தமிழில் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. அந்த ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் பெரியப்பா மட்டும்தான். அதன் கீழே உட்கார்ந்து நாள் முழுவதும் கடன் எழுதினார்.

கொப்பியும் தமிழ்தான். கடன்காரர்களுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்க வரும்போது அவர் வாசித்ததுதான் தொகை. நம்பிக்கையால் ஒப்புக்கொண்டார்களா, வேறு வழியில்லாமலா என்று பல காலம் யோசித்திருக்கிறேன். இரண்டும் இருந்திருக்க வேண்டும். வட்டி என்ற சொல்லை அந்தக் கடையில் நான் கேட்டதில்லை. காசுக்கு ஒரு விலை, கொப்பிக்கு ஒரு விலை, அவ்வளவுதான். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நள்ளிரவில் கடையைத் திறந்து மல்லியும் வேர்க்கொம்பும் கொடுத்தவர். அதையும் கொப்பியில் எழுதினார்.

உங்கள் ஊரில் கடைக்காரர் உள்ளூர்க்காரராகவே இருந்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் அது வழக்கம். தெற்கில் அப்படியில்லை. அங்கே பல கிராமங்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளான கரையோரச் சோனகரோ யாழ்ப்பாணத்தாரோதான் கடை வைத்தார்கள். உள்ளூரான் கடை வைத்தால் மச்சானிடம் கடனைத் திருப்பிக் கேட்க வேண்டும்; கேட்டால் அடுத்த கல்யாணவீட்டில் முகம் கொடுக்கமாட்டார்கள். வெளியூரானுக்கு அந்தக் கூச்சம் இல்லை. சிங்களத்தில் இன்றும் கடைக்குக் ‘கடே’, கடைக்காரருக்கு ‘முதலாளி’. இரண்டும் நம்மிடமிருந்து போன சொற்கள். கடனைத் திருப்பிக் கேட்க வசதியாக இருந்த அந்த வெளியூர்த்தனம்தான் கல்லெறியவும் வசதியாக இருந்தது. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தில், யுத்தகால விலையேற்றத்தின் கோபமும் சேர்ந்துகொள்ள, சோனகரின் கடைகள் சூறையாடப்பட்டன.

பிறகு அரசாங்கமே கடைக்காரராக வந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டதும் இந்திய வியாபாரிகள் பலர் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். பங்கீட்டு அரிசியைக் கொடுக்க ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கக்கடைகள் எழுந்தன. அரிசி விலை முதலாளி வாயிலிருந்து மந்திரிசபைக்குப் போனது அப்போதுதான். 1953இல் கூப்பன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது வெடித்த ஹர்த்தால், பிரதமரையே பதவி விலக வைத்தது. ஊர் முதலாளிக்கு அந்தப் பலம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எழுபதுகளின் தட்டுப்பாடு மட்டும் அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. மேசைக்கு அடியில் இருக்கும் சாமான் யாருக்கு என்பதை அவர்தானே தீர்மானித்தார்! உங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது, நல்லது. கிடைக்காமல் போனவர்களும் அதே ஊரில் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

இனி உங்கள் கேள்வி. கார்கில்ஸ் நிறுவனம் தன் முதல் சூப்பர் மார்க்கெட்டைக் கொழும்பு ஸ்டேப்பிள் தெருவில் திறந்தது 1983இல். பெரியப்பாவின் கடை எரிந்தது அதே ஆண்டு ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில். சூப்பர் மார்க்கெட் குருநாகல் பக்கம் எட்டிப் பார்க்கும் முன்பே அவருடைய கதை முடிந்துவிட்டது. அந்த ஜூலையில் தெற்கில் எரிந்த தமிழ்க் கடைகள் எதற்கும் அது போட்டியாக இருக்கவில்லை.

கொப்பியும் எரிந்துபோனது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஒரு புதுக் கொப்பியில், யார் எவ்வளவு தரவேண்டும் என்று முழுவதையும் ஞாபகத்திலிருந்து எழுதினார். மூன்று நாள் எடுத்தது. சிங்களப் பெயர்களுக்குத் தமிழில் எழுத்துப் போதாமல் திண்டாடியதைப் பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டு ஒருநாளும் அந்த ஊருக்குப் போகவில்லை. எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, “கணக்கு கணக்குத்தானே” என்றார்.

2022இல் சூப்பர் மார்க்கெட்டில் ஆளுக்கு ஒரு பால்மா பக்கெட் என்று வரிசை. நான் வரிசையில் நிற்கவில்லை. எங்கள் ஒழுங்கையின் முனைக் கடைக்காரர் கண்ணைக் காட்டிக் கூப்பிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் பழைய பத்திரிகையில் சுற்றித் தந்தார். விலையைக் கேட்காமல் வாங்கிக்கொண்டு, பின்னால் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன்.