ஸயான் நாரோஸ்: ரன்னிங் ஷூ போதுமா?
அக்டோபர்ல ஆறு பேரா நாரோஸ் (அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து ஸயான் தேசியப் பூங்காவுல இருக்குற குறுகலான மலை இடுக்கு) போறோம், ரன்னிங் ஷூ போதுமா, பர்மிட் வேணுமானு கேட்டிருந்தீங்க. ஆத்தோட கீழ்ப்பக்கத்துலருந்து மேல பிக் ஸ்பிரிங்ங்கிற ஊத்து வரைக்கும் போய்த் திரும்புறதுக்கு பர்மிட் வேணாம் ப்ரோ, ஆனா அங்க பாதைன்னு ஒண்ணு கிடையாது, ஆறுதான் பாதை, அடியில கல்லெல்லாம் எண்ணெய் தடவுன குழவி மாதிரி உருளும், ரன்னிங் ஷூவுல போய் கட்டைவிரல் நகம் பேந்தவன் சொல்றேன், கணுக்கால மூடுற பூட்ஸும் ஒரு கம்பும் பூங்கா வாசல்ல இருக்குற ஸ்பிரிங்டேல் ஊர்ல வாடகைக்கு எடுத்துருங்க. ஜீன்ஸ் சத்தியமா வேணாம். நீரோட்டம் வினாடிக்கு 150 கன அடியத் தாண்டுனா மூடிருவாங்க, முதநாளே பாத்துக்கங்க. உள்ள நடக்கும்போது தண்ணி திடீர்னு கலங்கி சுள்ளி மிதந்து வந்தா போட்டோ எடுத்துட்டு நிக்காம மேட்டுல ஏறிருங்க, தலைக்கு மேல வானம் நீலமாத்தான் இருக்கும், மழை எங்கயோ தூரத்துல பெஞ்சு வெள்ளம் வந்துட்டிருக்கும். அப்புறம், கும்பல்ல மெதுவா நடக்குறவர முன்னாடி விடுங்க.