தாத்தா வீடு மாதிரி ஓர் அரண்மனை

அன்புள்ள ஐயா,

காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். நீங்கள் ஒருமுறை புகழ்ந்து எழுதியதை நம்பித்தான். விடியற்காலை கன்னியாகுமரி, பிறகு சுசீந்திரம், அப்புறம் அரண்மனை, மாலையில் திற்பரப்பு அருவி. அரண்மனை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சிம்மாசனம் கிடையாது, தங்கம் கிடையாது. போன வருடம் மைசூர் அரண்மனையைப் பார்த்த என் மகன், "இது தாத்தா வீடு மாதிரில்ல இருக்கு" என்றான். அப்படி என்னதான் பார்த்தீர்கள் அங்கே?

க., மதுரை

அன்புள்ள க.,

உங்கள் மகன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். அது வீடுதான். மைசூரில் நீங்கள் பார்த்த கட்டடம் 1912இல் கட்டி முடித்தது. பத்மநாபபுரமோ 1795லேயே திருவிதாங்கூரின் தலைநகர் வேலையைத் திருவனந்தபுரத்திடம் விட்டுவிட்டு ஓய்வுபெற்றுவிட்டது.

சிம்மாசனம் கேட்கிறீர்கள். மார்த்தாண்ட வர்மா 1750இல் திருவிதாங்கூரையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, அவருடைய தாசனாக ஆண்டவர். அரண்மனைக்குள் இருக்கும் உப்பிரிகை மாளிகையில் உச்சி மாடம் சாமிக்கு. ராஜாவின் படுக்கை அறை அதற்குக் கீழேதான்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போனீர்கள்? அந்தக் குளிர்ச்சி காலில் ஏறவில்லையா? முகம் தெரிகிற அந்தக் கறுப்புத் தரைக்குச் சுண்ணாம்பு, சிரட்டைக் கரி (உங்கள் ஊரில் கொட்டாங்குச்சி), முட்டை வெண்கரு என்று கணக்குச் சொல்வார்கள். வாசல் மண்டபமான பூமுகத்தில் அண்ணாந்து பார்த்தால் மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. மகனை எண்ணச் சொல்லியிருக்கலாம், கழுத்து வலிக்கும்வரை நேரம் போயிருக்கும். எனக்கு எப்போதும் பிடித்தது தாய்க் கொட்டாரம்தான் (கொட்டாரம் என்றால் அரண்மனை). வளாகத்திலேயே பழைய பகுதி. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் தாழ்ந்து இறங்கும் ஓடு. இரண்டு பருவமழையும் வாங்குகிற சீமைக்கு வேறு எப்படி வீடு கட்டுவது? ஊட்டுப்புரை இரண்டு தளத்திலும் சேர்த்து இரண்டாயிரம் பேர் பந்தியில் உட்காரலாம் என்கிறார்கள். ராஜாவின் அறையைவிடச் சோற்றுக்கூடம் பெரிது, அதைக் கவனித்தீர்களா?

சரி, உங்கள் திட்டத்துக்கு வருவோம். ஒரு நாளில் நாலு இடம் என்பது பார்ப்பதற்கான கணக்கே இல்லை, பார்க்கிங் கட்டணத்துக்கான கணக்கு. சுசீந்திரத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கே அரண்மனை வாசலில் நில்லுங்கள். மதியத்துக்கு மேல் திருவட்டாறு வழியாக மாத்தூர் தொட்டிப்பாலம். 1966இல் கட்டியது, 115 அடி உயரம். மேலே தொட்டியில் கால்வாய்த் தண்ணீர் ஓடும், கீழே பரளியாறு, சுற்றிலும் தென்னையும் வாழையும் ரப்பரும். பக்கத்திலேயே நடைபாதை உண்டு. உங்கள் மகனுக்கு இது பிடிக்காமல் போகாது.

நான் அந்தப் பாலத்துக்குப் போனதே தற்செயல். முதல் தடவை அரண்மனை பார்க்க வந்தபோது கதவு பூட்டியிருந்தது. 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தும் அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. அவர்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நான் போனது ஒரு திங்கட்கிழமை.