ஈயப் பாத்திரமும் லயத்துக் கேத்தலும்

கேள்வி: இத்தாலியில் எரிமலையில் புதைந்த ரோமர் காலத்துப் பொம்பெயி நகரத்தின் பழைய சாயப் பட்டறைகளைப் பொறியியல் முறையில் ஆராய்கிறார்களாமே. அங்கே ஈயப் பாத்திரத்துக்கு அடியில் விறகு எரித்தார்கள் என்கிறார்கள். ஈயம் உருகிவிடாதா ஐயா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தண்ணீர் இருக்கும்வரை உருகாது, மகள். சின்ன வயதில் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கேத்தலில் ஓட்டை விழுந்து, ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் தேத்தண்ணீர் கொதித்தது, ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் நான் அடுப்பில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். தண்ணீர் வற்றியது, அடைப்பு கழன்றது. அம்மாவிடம் வாங்கியது தனிக்கதை.

பொம்பெயியிலும் இதே சங்கதிதான். ஈயம் உருக 327 பாகை செல்சியஸ் வேண்டும். தண்ணீரோ 100 பாகையில் கொதிக்கும் (நம் நுவரெலியாவில் 94 பாகையிலேயே). அடியில் பட்ட சூட்டைத் தண்ணீர் உடனே வாங்கிக்கொள்வதால் ஈயம் பிழைக்கிறது. ஆபத்து தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான். தீ நாக்கு அங்கே ஏறினால் குளிர்விக்க ஆள் இல்லை. இன்னொன்று, ஈயம் தன் பாரத்தாலேயே மெல்லத் தொய்யும். சுற்றிலும் இருந்த கல் கட்டு பாத்திரத்தையும் தாங்கியிருக்கும்.

இதையெல்லாம் ஊகமாக விடாமல் கணக்காக்குவதுதான் பொறியியல். கணினியில் பாத்திரத்தை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டு எவ்வளவு சூடாகும், எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பார்கள். பிறகு அதேபோல ஒன்றைக் கட்டி, தீ மூட்டி, அளந்து சரிபார்ப்பார்கள்.

எனக்குப் பிடித்தது விறகுக் கணக்கு. முப்பது வருஷம் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) கொழுந்து காய வைக்கும் ட்ரையர் அடுப்போடு மல்லுக்கட்டியவன் ஆயிற்றே. ஒரு பாத்திரம் 300 லீற்றர் பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டால், அந்தத் தண்ணீரை 20 பாகையிலிருந்து 80 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 75 மெகாஜூல் சூடு வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குப் போகும் என்று வைத்தால், ஒரு தடவைக்கு 25 கிலோ விறகு. சூடேற எத்தனை மணி நேரம் என்பதையும் அளந்துவிட்டால், பட்டறை ஒரு நாளில் எத்தனை தடவை சாயம் போட்டிருக்கும் என்று சொல்லலாம். ஊர்ச் சந்தைக்கு மட்டும் போட்டார்களா, வெளியூருக்கும் அனுப்பினார்களா என்ற ஆய்வாளர்கள் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

நீங்களே சாயம் காய்ச்சிப் பார்ப்பதென்றால், சிவப்புத் தரும் ஐரோப்பிய மஞ்சிட்டி (madder) வேரை மட்டும் தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், சிவப்பு மங்கிப் பழுப்படிக்கும். பலாக்கட்டைச் சீவலில் மஞ்சள் எடுப்பதென்றால் தாராளமாகக் கொதிக்கவிடலாம்.