நிறை குறைக்க மா டின் எதற்கு? ஒரு கொப்பி வாங்குங்கள்

திருக்கோணமலை அன்புவழிபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“எனக்கு 43 வயது. உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 76 கிலோ. நகரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். கிளினிக்கில் ‘நிறையைக் குறையுங்கோ’ என்றார்கள், எப்படி என்று சொல்லவில்லை. என்னோடு வேலை செய்யும் ஓர் அக்கா, மாதம் 10 கிலோ குறையும் என்று ஒரு மா டின்னும் மூலிகைத் தேயிலையும் எடுக்கச் சொல்கிறார். அவ்வளவு காசு கொடுக்க எனக்கு மனமில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல்தான். அதை வைத்துக்கொண்டே எனக்கென்று ஒரு சாப்பாட்டுத் திட்டத்தை நானே போட முடியுமா? கணவருக்குச் சீனி வருத்தம், குளிசை போடுகிறார். அவரும் என்னோடு சேர்ந்து குறைக்கலாமா?”

சகோதரி, முடியும். டின்னை வாங்க வேண்டாம். கணவரின் விஷயம் வேறு. அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அதைப் படிக்கும்வரை அவருடைய பீங்கானில் ஒரு கரண்டி சோற்றைக்கூடக் குறைத்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். ஒரு கிழமைக்கு எதையும் மாற்றாமல், வாய்க்குள் போனது எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். பிள்ளை மிச்சம் வைத்த பாண் துண்டு, அலுவலகத்தில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக், கோவிலில் வாங்கிய மோதகம், சமைக்கும்போது உப்புப் பார்க்க வாயில் போட்ட பொரியல், எல்லாமே வேண்டும். அளவுக்குத் தராசு தேவையில்லை. நீங்கள் தேத்தண்ணி குடிக்கும் கோப்பையே அளவு. நேரத்தையும் எழுதுங்கள். என்னிடம் வருபவர்கள் “நான் ஒன்றுமே சாப்பிடுகிறதில்லை” என்றுதான் தொடங்குவார்கள். பொய் சொல்வதில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள். கொப்பியோடு இரண்டாம் முறை வரும்போது அவர்களே விரலை வைத்துக் காட்டுவார்கள், “இதுதான் டொக்டர்” என்று. நான் டொக்டர் இல்லை, போசணை பற்றிப் படித்தவள், அதைத் திருத்திச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

அந்தக் கொப்பியில் அநேகமாக முதலில் தெரியப் போவது தேத்தண்ணி. காலை எழும்பி ஒன்று, அலுவலகத்தில் இரண்டு, பின்னேரம் ஒன்று, இரவு ஒன்று என்று ஐந்து கோப்பை. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் பத்துக் கரண்டி, அதாவது சுமார் 50 கிராம், 200 கலோரி. ஒரு கோப்பை சோற்றுக்குக் கிட்டத்தட்டச் சமம். பால்மாவோ ரின்பாலோ சேர்ந்தால் இன்னும் கூடும். இதைக் குறைத்தால் பசி கூடாது என்பதால்தான் எப்போதும் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன். இந்தக் கிழமை இரண்டை ஒன்றரை ஆக்குங்கள், அடுத்த கிழமை ஒன்று, பிறகு அரை. ஒரே நாளில் நிறுத்தியவர்கள் பத்தாம் நாள் மூன்று கரண்டி போடுவதைக் கண்டிருக்கிறேன். சீனிக்குப் பதில் தேன் என்று மாறாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 60 கலோரி இருக்கிறது. காலையில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தால் கொழுப்புக் கரையும் என்பது வெறும் கதை.

அடுத்து சோறு. ஏன் எல்லோரும் சோற்றின் மேலேயே பாய்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. சோறு சாப்பிட்டதால் ஒருவரும் பருப்பதில்லை, மூன்றரைக் கோப்பை சாப்பிடுவதால்தான் பருக்கிறோம். கடையில் வாங்கும் மத்தியானப் பார்சலை ஒரு நாள் கோப்பையால் அளந்து பாருங்கள். பீங்கானில் அரைவாசி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ, மிச்சக் கால்வாசிக்குச் சோறு. உங்களுக்கு ஒன்றரைக் கோப்பையில் தொடங்கலாம். அரிசி சிவப்பா வெள்ளையா என்பது இரண்டாவது கேள்வி. சிவப்பரிசியில் நார் கூட, வயிறு நிறைந்தாற்போல இருக்கும், அதனால் நல்லது. கலோரி ஏறக்குறைய ஒன்றுதான்.

குரக்கனும் அப்படியே. குரக்கன் மாவிலும் அரிசி மாவிலும் கலோரி பெரிதாக வித்தியாசப்படாது. “குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம்” என்று யார் தொடங்கி வைத்தார்களோ தெரியவில்லை, இந்த ஊரில் அதை நம்பி நீத்துப்பெட்டி நிறையச் சாப்பிட்டு நிறை கூடிய பல பேரை எனக்குத் தெரியும். பாணையும் கவனியுங்கள். கால் றாத்தல் பாண் ஏறக்குறைய 300 கலோரி, அதாவது ஒன்றரைக் கோப்பை சோறு. அதோடு தேங்காய்ச் சம்பல். “காலையில் பாண் மட்டுந்தான்” என்று எழுதும்போது எத்தனை துண்டு என்றும் எழுதுங்கள்.

வீட்டில் ஒரே சமையல் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தி. தனிச் சமையல் தேவைப்படும் திட்டம் எதுவும் மூன்றாம் கிழமையைத் தாண்டுவதில்லை. சட்டியில் இரண்டு மாற்றம் போதும். சொதியிலும் குழம்பிலும் முதற்பாலைக் குறைத்துக் கப்பிப்பாலில் சமையுங்கள். எண்ணெயைப் போத்தலிலிருந்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுங்கள், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நம்முடைய ஊரில் மீனுக்குப் பஞ்சமில்லை. சூரையோ கீரியோ சாளையோ குழம்பாக வைத்தால் இரண்டு துண்டு தாராளமாகச் சாப்பிடலாம். அதே மீனைப் பொரித்தால் எண்ணெயையும் சேர்த்து எண்ண வேண்டும். மாரியில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறும் நாட்களில் முட்டை, பயறு, கௌப்பி, கடலை, சோயா மீற் இருக்கின்றன. கருவாட்டில் உப்புக் கூட, பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் அது தினமும் வேண்டாம்.

எவ்வளவு குறைய வேண்டும்? உடல் நிறைச் சுட்டி என்று ஓர் எண் இருக்கிறது, உயரத்துக்கு நிறை கூடவா குறைவா என்று காட்டுவது. உங்களுக்கு இப்போது அது 31 வருகிறது. கூடத்தான், ஆனால் பயப்பட வேண்டாம். முதல் இலக்கு 4 கிலோ. உங்கள் நிறையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே பிரஷரிலும் சீனியிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் கிழமைக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இது கடதாசிக் கணக்கு, உடம்பு இதைவிடக் கொஞ்சம் மெதுவாகவே போகும். கிழமைக்கு ஒரு முறை, ஒரே நாள், காலையில் மலசலம் கழித்து, தேத்தண்ணிக்கு முன், ஒரே தராசில் நிறுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் நூல் நாடாவால் அளந்து எழுதுங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழே இருப்பது நல்லது. நடை நல்லதுதான், பின்னேரம் டச்சுக் குடாக் கடற்கரையில் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் 150 கலோரி அளவு செலவாகும். நடந்து முடித்து அங்கேயே கடலைச் சுருளும் வடையும் வாங்கினால் செலவானது திரும்பி வந்துவிடும்.

இனி அந்த அக்காவின் டின். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. மாதம் 10 கிலோ எப்படிக் குறையும் என்று யோசியுங்கள். மாச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் சேமித்த மாச்சத்தும் அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் முதல் கிழமையிலேயே வெளியேறிவிடும். தராசு இரண்டு மூன்று கிலோ குறைத்துக் காட்டும். அதைப் படம் பிடித்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். போனது தண்ணீர், திரும்பச் சோறு சாப்பிட்டதும் வந்துவிடும். டின் மா என்பது பெரும்பாலும் பால் அல்லது சோயாப் புரதமும் இனிப்பும் வாசனையும்தான். இரு நேரச் சாப்பாட்டுக்குப் பதில் அதைக் குடித்தால் எவருக்கும் நிறை குறையும். அதற்கு டின் தேவையில்லை. குடிப்பதை நிறுத்திய பிறகு என்ன சாப்பிடுவது என்று விற்பவர் சொல்வதில்லை, ஏனென்றால் நீங்கள் நிறுத்தக் கூடாது. உங்களையும் விற்பனைக்குச் சேர்த்துக்கொள்வதில்தான் அவருக்கு இலாபம். அந்த அக்காவைக் குறை சொல்லவில்லை, அவரையும் யாரோ இப்படித்தான் பிடித்திருப்பார்கள்.

தேயிலை டின்னைவிட மோசம். பல ‘மெலிவுத் தேயிலை’களில் இருப்பது சூரத்தாவாரை போன்ற பேதி மருந்து. வயிற்றால் போவதைக் கொழுப்புப் போகிறது என்று நம்புகிறோம். சில மெலிவு மாத்திரைகளிலும் மூலிகைத் தூள்களிலும், பெட்டியில் எழுதாமல் சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து கலந்திருந்ததை வெளிநாடுகளில் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடும் என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. மிக வேகமாக மெலிந்தால் பித்தப்பையில் கல் வரவும் கூடும். ஒரு பெண், பிள்ளை கிடைத்து இரண்டு வருடம், வங்கிக் கடன் காசில் மூன்று டின் வாங்கிக் குடித்துவிட்டு, தலைமயிர் கொட்டுகிறது என்று என்னிடம் வந்து அழுதாள். அந்தக் காசுக்கு வீட்டில் எல்லோரும் எத்தனை நாள் மீனும் கீரையும் சாப்பிட்டிருக்கலாம்.

வட்ஸ்அப்பில் காசுக்கு வரும் ‘டயட் சார்ட்’டும் இந்த வகைதான். ஓட்ஸ், பனீர், புரொக்கோலி, பாதாம் என்று யாரோ எங்கோ யாருக்கோ எழுதியது. உங்கள் வயது என்ன, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டாரா?

ஆனால் கிளினிக்கில் ‘எப்படி’ என்று சொல்லியிருந்தால் நீங்கள் டின்காரர் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பீர்களா? காலை ஆறு மணிக்கு நம்பர் எடுத்து, பதினொரு மணிக்கு உள்ளே போய், இரண்டு நிமிடத்தில் ஒரு வசனம். நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுப் பட்டியல், போட்டோக் கொப்பிக்கு மேல் போட்டோக் கொப்பி எடுத்து எழுத்தே தெரியாமல் போனது. அதில் புட்டும் இல்லை, இடியப்பமும் இல்லை. இதைத் திருத்தி எழுதித் தருகிறேன் என்று மூன்று தடவை கடிதம் கொடுத்தேன், பதில் வரவில்லை. டொக்டர்மாரைச் சொல்லிக் குற்றமில்லை, ஒருவருக்கு முன்னால் நூறு பேர் நின்றால் என்ன செய்வார்கள்? ஆனாலும் ஒன்று இருக்கிறது. ‘ஹெல்தி லைஃப்ஸ்டைல்’ என்ற பெயரில் அரசாங்கம் நடத்தும் கிளினிக்குகளில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிறை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்த்து ஆலோசனையும் சொல்கிறார்கள். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நாளையும் நேரத்தையும் கேளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் லீவு போடாமல் போக முடியாத நேரமாக இருக்கலாம். அப்படி இருந்தாலும் போங்கள்.

இப்போது உங்கள் கணவர். சீனிக்குப் போடும் குளிசைகள் எல்லாம் ஒன்றல்ல. மெற்போமின் மட்டும் போடுகிறார் என்றால் சாப்பாட்டைக் குறைப்பதால் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. ஆனால் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசைகள் அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பிலிருந்து இன்சுலினைப் பிழிந்து எடுக்கும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். மூன்று கோப்பை சோற்றுக்கென்று டொக்டர் எழுதிய மருந்தைப் போட்டுவிட்டு ஒரு கோப்பை சாப்பிட்டால், இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் மங்கும், பேச்சுக் குழறும். இரவில் நித்திரையில் நடந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் கந்தசட்டிக்கும் இதே ஆபத்துத்தான். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு பிடிக்கும் வாசகர்களும் நோன்புக்கு முன்பே டொக்டரிடம் போய் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்க வேண்டும். குளிசையைத் தாங்களாகவே நிறுத்துவதும் கூடாது.

ஆகவே அவருடைய குளிசை அட்டைகளையும் கிளினிக் கொப்பியையும் எடுத்து வைத்துப் பெயரைப் பாருங்கள். பெயர் விளங்காவிட்டால் மருந்து வாங்கும் பாமசியில் கேளுங்கள். மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தால், அவர் எதையும் குறைக்கும் முன் டொக்டரிடம் இப்படிக் கேட்கட்டும்: “நான் மத்தியானமும் இரவும் சோற்றை அரைவாசியாக்கப் போகிறேன், குளிசையைக் குறைக்க வேண்டுமா?” இரண்டு நிமிடத்துக்குள் கேட்டு முடிக்கக்கூடிய கேள்வி. இதற்கிடையில் அவருக்கு நடுக்கமும் வியர்வையும் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிட ஏதாவது கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அவருடைய கிளினிக் திகதி வரும்வரை நீங்கள் உங்கள் கொப்பியைத் தொடங்குங்கள். எழுதியதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினால், எந்த மூன்று இடத்தில் கை வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். கொண்டுபோய்க் காட்ட அவருக்கும் ஒரு கொப்பி வாங்குங்கள்.