ராத்திரியில் எத்தனை பேர் இருப்பார்கள்? முதியோர் இல்லம் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

கடலூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, இரண்டு முதியோர் இல்லங்களில் நர்ஸிங் பொறுப்பைப் பார்த்தேன். எனக்கும் இப்போது எழுபது தாண்டிவிட்டது. இல்லம் தேடுகிற குடும்பங்களோடு கூடப் போய்ப் பார்த்துச் சொல்வது வழக்கம். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு எழுதுகிறேன்.

செம்மண்டலம், ஒரு மகள்: சிஸ்டர், அம்மாவுக்கு 78 வயது. சுகர் இருக்கிறது, வாக்கர் வைத்து நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று இல்லங்களைப் பார்க்கப் போகிறோம். என்னென்ன பார்க்க வேண்டும்?

ஞாயிறு காலை வேண்டாம் அம்மா. அன்றைக்கு எல்லா இல்லமும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கும். வேலை நாளில் சாயங்காலம் ஏழரைக்குப் போங்கள். சொல்லாமல் போங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

முதல் கேள்வி: ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் சமையல்காரர், டிரைவர், தோட்டக்காரர் வரை எண்ணிச் சொல்லிவிடுவார்கள். முப்பது பேர் இருக்கிற இடத்தில் ராத்திரி ஒரே ஒரு ஆயா, அவரும் கேட்டுக்குப் பக்கத்தில் படுத்திருப்பார் என்றால், உங்கள் அம்மா பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போது யாரும் வரப்போவதில்லை. நான் பார்த்த விழுதல்களில் பெரும்பாலானவை விடியற்காலை பாத்ரூம் வழியில் நடந்தவை.

அடுத்தது சாப்பாட்டு நேரம். ருசியை அப்புறம் பார்க்கலாம். பல இடங்களில் ராத்திரிச் சாப்பாட்டை ஆறு மணிக்கே முடித்துவிடுகிறார்கள், சமையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக. காலை டிபன் எட்டு, எட்டரை. நடுவில் பதினான்கு மணி நேரம் வெறும் வயிறு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு விடியற்காலையில் சுகர் இறங்கி, வேர்த்துக் கொட்டி, குழறிப் பேசினால், 'வயசாச்சு, உளறுறாங்க' என்று விட்டுவிடுவார்கள். படுக்கும் முன் பாலோ இரண்டு பிஸ்கட்டோ உண்டா, குளுக்கோமீட்டர் எங்கே இருக்கிறது, ராத்திரி ஆளுக்கு அதைப் பார்க்கத் தெரியுமா என்று கேளுங்கள்.

பாத்ரூமுக்குள் நீங்களே போய்ப் பாருங்கள். சுவரில் பிடிமானக் கம்பி இருக்கிறதா, ஆட்டிப் பாருங்கள். கதவை வெளியிலிருந்தும் திறக்க முடிகிறதா? லைட் சுவிட்ச் கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா? பினாயில் வாடை மூக்கைத் துளைத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருக்கும் பெரியவர்களின் நகத்தைப் பாருங்கள், உதட்டைப் பாருங்கள். உதடு வறண்டிருந்தால் தண்ணீர் கொடுக்கவில்லை, அல்லது அடிக்கடி பாத்ரூம் கூட்டிப்போக ஆள் இல்லாததால் அவர்களே குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். தண்ணீர் குறைந்தாலே வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரும்.

கடைசியாக, இங்கே கடைசியாக விழுந்தவர் யார், அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். யாருமே விழுந்ததில்லை என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். 'போன மாதம் ஒருவர் விழுந்தார், கட்டிலைத் தாழ்த்தினோம், தூக்க மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டோம்' என்று சொல்கிற இடம் நல்ல இடம்.

நெல்லிக்குப்பம்: லைசென்ஸ் இருக்கிறதா என்று எங்கே விசாரிப்பது?

கட்டடம் தமிழ்நாட்டில் இருந்தால் கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலர். புதுச்சேரியில் இருந்தால் அந்த அரசின் சமூக நலத்துறை. நம் பக்கத்தில் எல்லை பின்னிக்கொண்டு கிடக்கிறது. பாகூர் பக்கம் ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு கடலூர் மாவட்டம். விளம்பரத்தில் 'பாண்டிக்கு அருகில்' என்று போட்டிருப்பார்கள். எந்த அரசின் பதிவு என்று சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். டிரஸ்ட் பதிவுப் பத்திரத்தைக் காட்டினால் ஏமாறாதீர்கள், அது இல்லம் நடத்துவதற்கான பதிவு கிடையாது.

பண்ருட்டி: நல்ல இல்லம் ஒன்றின் பெயரும் மாதக் கட்டணமும் சொல்லுங்கள்.

பெயர் சொல்வதில்லை. ஆள் மாறினால் இல்லம் மாறிவிடும். கட்டணம் கேட்கும்போது டயப்பர், மருந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட வரும் ஆள் இதெல்லாம் சேர்த்தா தனியா என்று கேளுங்கள். டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதை எழுதி வாங்குங்கள்.

முத்தியால்பேட்டை, ஒரு மகன்: அப்பாவுக்கு 82, பார்க்கின்சன். சேர்த்து இரண்டு மாதத்தில் முதுகுக்குக் கீழே புண். வயதானால் வரும்தான் என்கிறார்கள். அப்படியா?

இல்லை தம்பி. சில பேருக்கு என்ன பார்த்தாலும் புண் வரும், கடைசி நாட்களில் இருப்பவர்களுக்கு. மற்றபடி பெரும்பாலான படுக்கைப்புண் தடுக்கக் கூடியது. தானாகத் திரும்ப முடியாதவரை சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்தான். ராத்திரியில் ஆள் இல்லாத இடத்தில் அது நடக்காது. திருப்பிய நேரம் எழுதிய தாள் கட்டிலருகே இருக்கிறதா பாருங்கள். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியிருந்தால் உட்கார்ந்த இடத்தில் எழுதியது.

அடுத்த முறை போகும்போது குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி, முழங்கை எல்லாவற்றையும் துணி விலக்கிப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. தோல் கறுத்த நிறமாக இருந்தால் சிவப்பு தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஏர் பெட் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஏர் பெட் போட்டாலும் திருப்ப வேண்டும். சிவந்த எலும்பு முனைமேல் பவுடர் போட்டுத் தேய்க்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொன்றும் சந்தேகப்படுகிறேன். இல்லங்களில் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையாக எல்லோருக்கும் கொடுப்பார்கள். பார்க்கின்சன் மாத்திரையை அப்படிக் கொடுக்கக் கூடாது. அது டாக்டர் எழுதிய மணிக்குச் சரியாகப் போக வேண்டும், பருப்பு, முட்டை நிறைந்த சாப்பாட்டோடு போனால் சிலருக்குச் சரியாக வேலை செய்யாது. ஒரு வேளை தள்ளிப்போனாலும் உடம்பு விறைத்துவிடும். விறைத்தவர் எப்படித் திரும்பிப் படுப்பார்? மருந்து நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில்மேல் ஒட்டுங்கள். புண்ணில் வாடையோ கறுப்போ காய்ச்சலோ இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரி.

திருப்பாதிரிப்புலியூர்: மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது?

என் துறை இல்லை ஐயா. சித்த மருத்துவரிடம் கேளுங்கள்.

அரியாங்குப்பம், இல்லம் நடத்துபவர்: அம்மா, நீங்கள் ஒருதலையாகவே எழுதுகிறீர்கள். என்னிடம் 22 பேர். அதில் ஆறு பேருக்கு மறதி நோய். ஒரு பாட்டி மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார். ஒருவர் ராத்திரி எழுந்து நடந்து இடுப்பை உடைத்துக்கொண்டார், அவர் மகன் போலீசுக்குப் போனார். அதற்குப் பிறகு மெல்லிய துணியால் கையைக் கட்டிலோடு கட்டுகிறோம். குடும்பத்திடம் கையெழுத்து வாங்கித்தான். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

நேராகக் கேட்டதற்கு நன்றி ஐயா. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் அந்த ராத்திரிகளில் நின்றவள். ஆனாலும் கட்டாதீர்கள். கட்டினால் விழுவது குறையும் என்பது தோற்றம்தான். கட்டப்பட்டவர் விடுவித்துக்கொள்ளப் போராடுவார், துணி இறுக்கி மணிக்கட்டுத் தோல் உரியும், கம்பிக்கு நடுவே கழுத்து மாட்டும், மல்லாந்தே கிடந்து சளி கட்டும். இரண்டு வாரத்தில் காலில் இருந்த கொஞ்ச பலமும் போய்விடும். அப்புறம் கட்டை அவிழ்க்கிற அன்றைக்கு முன்பைவிட எளிதாக விழுவார்.

லாஸ்பேட்டை, ஒரு மகன்: சிஸ்டர், அந்தக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன், வேறொரு இல்லத்தில். டாக்டராக இருக்கும் என் தம்பியும் சரி என்றார். அம்மா உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் போட்டேன். இப்போது என்னைக் குற்றவாளி ஆக்குகிறீர்களே?

உங்களைக் குறை சொல்லவில்லை தம்பி. யாரும் உங்களுக்கு வேறு வழியைக் காட்டவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு ஒன்றும் கிடையாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முழுவதுமாகத் தடுக்கிறது. மனநல மருத்துவமனையிலேயே கூட, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், மனநல மருத்துவர் அனுமதியோடு, காரணத்தை எழுதி வைத்து, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டலாம். அங்கேயே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், ராத்திரி டாக்டரே இல்லாத வீட்டில் ஒரு ஆயா கட்டுவது எப்படிச் சரியாகும்? ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இல்லத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். துணிக்கட்டும் தீயில் ஒன்றுதான்.

அரியாங்குப்பம், அதே நண்பர்: ஏர்வாடியோடு எங்களை ஒப்பிடாதீர்கள். வழி கேட்டேன், சட்டம் சொல்கிறீர்கள்.

சரி, வழி சொல்கிறேன். எழுந்து நடப்பவர் ஏன் எழுகிறார் என்று ஒரு வாரம் எழுதுங்கள். மணி எத்தனை, அதற்கு முன் என்ன நடந்தது. என் அனுபவத்தில் பாதிப் பேர் சிறுநீருக்காக எழுகிறார்கள். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் நீங்களே எழுப்பிக் கூட்டிப்போனால் அவர் தானாக எழமாட்டார். மலச்சிக்கல், வலி, சிறுநீர்த் தொற்று, பசி இவற்றையும் பாருங்கள். நேற்று வரை அமைதியாக இருந்தவர் திடீரென்று கத்தினால் தொற்று இருக்கலாம். பகல் முழுக்கத் தூங்கவிட்டால் ராத்திரி விழிக்கத்தான் செய்வார். காலை வெயிலில் அரை மணி உட்கார வையுங்கள். கட்டிலின் காலை அறுத்துத் தாழ்த்துங்கள், பக்கத்தில் தரையில் மெத்தை போடுங்கள். சின்ன ராத்திரி விளக்கு எரியட்டும். தூங்குவதற்கென்று அவில் என்ற அலர்ஜி மாத்திரை கொடுக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், வயதானவர்களுக்கு அது குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கூட்டும்.

மூக்குக் குழாய்ப் பாட்டிக்கு அந்தக் குழாய் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். தலையை உயர்த்தி உட்கார வைத்து ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க முடியுமா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.

மஞ்சக்குப்பம், பிசியோதெரபிஸ்ட்: சிஸ்டர் சொல்வது சரி. ஆனால் 22 பேருக்கு இதையெல்லாம் செய்ய ராத்திரி மூன்று ஆள் வேண்டும். மாதக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளே, கட்டணத்தில் இரண்டாயிரம் குறைத்தீர்கள் என்றால் அது ராத்திரி ஆளின் சம்பளத்திலிருந்துதான் போகும். அரியாங்குப்பம் ஐயா, மூன்று பேர் முடியாவிட்டால் இரண்டு பேர் போடுங்கள். மறதி உள்ள ஆறு பேரையும் ஒரே கூடத்தில் படுக்க வைத்து, ஒருவர் அங்கேயே விழித்திருக்கட்டும். நான் வந்து ஒரு ராத்திரி உங்களோடு இருக்கத் தயார், பணம் வேண்டாம்.

வில்லியனூர்: எங்களுக்கு நல்ல இல்லம் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

மேலே பண்ருட்டிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குறிஞ்சிப்பாடி, ஒரு தாத்தா: வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போது என்னை இல்லத்தில் விட்டுவிட்டான், பணமும் கட்டவில்லை.

ஐயா, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யலாம். பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வழக்கு பலமாக இருக்கும். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். 14567 முதியோர் உதவி எண். 15100 இலவச சட்ட உதவி. பிள்ளைகளுக்கோ இல்லத்துக்கோ எழுதிக் கொடுக்க நினைக்கிற மற்றவர்களும் கவனியுங்கள்: அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தேவனாம்பட்டினம்: புயல் வந்தால் இல்லத்தில் என்ன ஏற்பாடு இருக்க வேண்டும்?

2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் வந்தபோது நான் இல்லத்தில் இருந்தேன். காற்று அடங்கிய பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. ஒன்பது நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை. படுத்த படுக்கையாக இருந்த பதினொரு பேருக்கு வாளியில் தூக்கித் தூக்கித் துடைத்துவிட்டோம். இன்சுலினை மண்பானையில் ஈர மணலுக்குள் வைத்துக் காப்பாற்றினோம். அதனால் கேளுங்கள்: ஜெனரேட்டர் இருக்கிறதா, மோட்டாரை அது இழுக்குமா? கைப்பம்பு உண்டா? பத்து நாள் மருந்து இருப்பு? 2024 பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததைப் பார்த்தோம். படுக்கையில் இருப்பவர்களைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தால், தண்ணீர் ஏறும்போது மாடிக்குத் தூக்க ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள்?

உப்பளம்: பாண்டியில் நல்ல இல்லம் எது?

இதற்கு இனி பதில் எழுதப் போவதில்லை. தயவுசெய்து முன்னால் உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கடலூர் ஓ.டி., ஒரு மருமகள்: மாமாவைச் சேர்த்து நான்கு நாள் ஆகிறது. 'பழகட்டும், பதினைந்து நாள் வர வேண்டாம், போனும் வேண்டாம்' என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம் அம்மா. பழகுவதற்கு வீட்டு முகம்தான் வேண்டும். இன்று சாயங்காலமே கிளம்புங்கள். அவருடைய கண்ணாடி, காது மெஷின், மேல்சட்டை ஒன்று கொண்டு போங்கள். தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள், கால்களைப் பாருங்கள். உள்ளே விடவில்லை என்றால் வாசலில் நின்றபடியே 14567க்குப் போன் செய்யுங்கள். அந்த எண் ராத்திரி எட்டு மணி வரைதான், அதனால் ஆறு மணிக்குள் அங்கே இருங்கள்.