மெஷினில் 178, லேப்பில் 151: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு 61 வயது. ஒன்பது வருடமாகச் சுகர் இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் மெஷின் வாங்கிக் கொடுத்து, தினமும் காலையில் குத்திப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறான். போன வாரம் ஒருநாள் 162 காட்டியது. சந்தேகப்பட்டு ஐந்து நிமிடம் கழித்து வேறு விரலில் குத்தினேன், 178. அன்றைக்கே வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப்போன லேப்காரர்கள் 151 என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். ராத்திரி இரண்டே இட்லிதான் சாப்பிடுகிறேன், அப்படியும் காலையில் ஏறித்தான் நிற்கிறது. விரல் நுனியெல்லாம் புண். கூடினால் மகன் போனில் சத்தம் போடுகிறான். மெஷினைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடலாமா என்று இருக்கிறது.
– ஓர் ஆச்சி, தேவகோட்டைப் பக்கம்

பதில்: பூட்ட வேண்டாம் ஆச்சி. தினமும் காலையில் குத்தவும் வேண்டாம். அன்றைக்கு உங்கள் மெஷினும் பொய் சொல்லவில்லை, லேப்பும் பொய் சொல்லவில்லை. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

வீட்டில் வைத்துப் பார்க்கும் குளூக்கோமீட்டருக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்று ஓர் உலகத்தர விதி இருக்கிறது. 2013இல் வந்த அதன் திருத்தத்தின்படி, சர்க்கரை 100க்கு மேல் இருக்கும்போது, நூற்றுக்கு 95 தடவையாவது லேப் அளவுக்கு 15 சதவீதம் கூடக்குறைய நின்றால் போதும். அன்று காலை உங்கள் உண்மையான சர்க்கரை 165 என்று வைத்துக்கொள்ளுங்கள். 140 முதல் 190 வரை எதைக் காட்டினாலும் அது நல்ல மெஷின்தான். 162, 178 இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

லேப்பில் எப்படி 151 ஆனது? குழாயில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். அணுக்களைப் பிரிக்காமல் சாதாரண வெப்பத்தில் வைத்திருந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு குழாய். அதிலும் மருந்து முழுசாகப் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் வீட்டில் எடுத்த ரத்தம் இன்னும் நாலு வீடு ஏறி இறங்கி லேப் போய்ச் சேர்வதற்குள் 165 என்பது 151 ஆவது நடக்கக்கூடியதுதான்.

மூன்றில் எதைக் காட்டினாலும் நான் எடுக்கும் முடிவு ஒன்றுதான். வெறும் வயிற்றில் 80க்கும் 130க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று பார்க்கிறோம். 151ம் அதிகம், 178ம் அதிகம். நடுவில் இருக்கிற 27க்காக நீங்கள் இன்னொரு விரலைக் குத்திக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

மெஷின் மேல் சந்தேகம் தீரவில்லை என்றால், அடுத்த முறை நீங்களே லேப்புக்குப் போங்கள். வெறும் வயிற்றில் அவர்கள் ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் உங்கள் மெஷினிலும் பாருங்கள். சாப்பிட்ட பிறகு இப்படி ஒப்பிடக் கூடாது. அப்போது விரல் ரத்தத்தில் சர்க்கரை, கை நரம்பில் எடுப்பதைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

உண்மையிலேயே தப்பான அளவு வருவது பெரும்பாலும் கையால்தான். சாமிக்கு வாழைப்பழம் உரித்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறும் சேர்ந்து எண்ணில் ஏறிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்தால் அது போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும்.

அடுத்தது ஸ்டிரிப் டப்பா. நம் பக்கத்து வெயிலுக்கு அதை அடுப்படி அலமாரியில் வைக்கவே கூடாது. பெரும்பாலான ஸ்டிரிப்புகள் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. சூடாகிறதே என்று ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் கோத்துக் கெட்டுவிடும். இரண்டாம் கட்டில் வெயில் படாத அறை போதும். ஒரு ஸ்டிரிப்பை எடுத்ததும் டப்பாவை இறுக்கி மூடுங்கள். திறந்த டப்பா பல கம்பெனிகளில் மூன்று மாதம், சிலவற்றில் ஆறு மாதம்தான் தாங்கும். லாபம் என்று 50 ஸ்டிரிப் டப்பாவை வாங்காமல் 25 வாங்குங்கள். திறந்த தேதியை மூடி மேல் எழுதி வையுங்கள்.

ஹீமோகுளோபின் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ரத்தசோகை இருந்தால் பல மெஷின்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி-யையும் கொஞ்சம் ஏற்றிவிடும். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி விரல். நுனியின் நடுவில் குத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேதான் நரம்பு முனைகள் நெருக்கம், ஒரு பொருளைத் தொட்டாலும் எரியும். நகத்தை ஒட்டின பக்கவாட்டில் குத்துங்கள். மோதிர விரல், நடுவிரல், அடுத்த நாள் மறு கை என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். குத்தும் பேனாவில் ஆழத்துக்கு எண் இருக்கும். குறைந்த எண்ணில் தொடங்கி, ரத்தம் வராவிட்டால் மட்டும் ஒன்று கூட்டுங்கள். குத்துவதற்கு முன் கையை அரை நிமிடம் கீழே தொங்கவிட்டால் சொட்டு தானாக வரும். வரவில்லை என்று விரலைப் பிழியாதீர்கள். தசையிலுள்ள நீரும் கலந்து அளவு மாறும். ஒரே ஊசியை வாரக்கணக்கில் வைத்துக் குத்தினாலும் முனை மழுங்கி வலிக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி "எனக்கும் ஒரு தடவை பாருங்களேன்" என்று வந்தால் அந்தப் பேனாவைக் கொடுக்க வேண்டாம். ஊசியை மாற்றினாலும் பேனாவில் ஒட்டிய ரத்தத்தால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவலாம். பேனா ஒருவருக்கு ஒன்று. போட்ட ஊசிகளை மூடி போட்ட கெட்டியான டப்பாவில் சேருங்கள். குப்பை அள்ளுகிறவர் கையில் குத்திவிடக் கூடாது.

இரண்டு இட்லிக்கும் காலைச் சர்க்கரைக்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. விடியற்காலை மூன்று மணியிலிருந்து கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் சுரந்து, கல்லீரலைச் சர்க்கரை வெளியிட வைக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்கிற உடம்பு அதைச் சமாளித்துவிடும், உங்களுக்கு ஏறி நிற்கிறது. இது நீங்கள் வாயைக் கட்டாத குற்றமில்லை. இட்லியை இரண்டிலிருந்து ஒன்றாக்க வேண்டாம். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் ராத்திரிப் பட்டினி கிடப்பது ஆபத்து. காலை அளவு இப்படியே இருந்தால் மாத்திரையைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். அது உங்கள் மருத்துவரின் வேலை.

இதை உங்கள் மகனுக்கும் படித்துக் காட்டுங்கள். 2017இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்சுலின் போடாத 450 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. தினமும் குத்திப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் ஓர் ஆண்டு முடிவில் கட்டுப்பாட்டில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எண்ணைப் பார்த்துவிட்டு எதையும் மாற்றாமல் இருந்தால், குத்தியதற்குப் பலன் வலி மட்டும்தான். அம்மா மேல் உள்ள அக்கறையில்தான் அவர் கேட்கிறார். தினசரி எண்ணுக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டை அனுப்புங்கள். அதில் 7 சதவீதம் என்றால் சராசரிச் சர்க்கரை 154 என்று அர்த்தம். ஒரு காலைப் பொழுதின் 178ஐவிட அவருக்கு அது நிறையச் சொல்லும்.

நீங்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வெறும் வயிற்றில் பாருங்கள். இன்னொரு நாள், ஒரே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. 180க்குள் நின்றால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. கவுனி அரிசி கறுப்பு அரிசிதானே, சுகருக்கு நல்லது என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் சொல்கிறார்கள். தவிட்டோடு இருக்கும் அரிசி என்பது உண்மை. ஆனால் நம் விருந்தில் அது சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்ந்தல்லவா இலைக்கு வருகிறது! ஒரு கல்யாணத்தில் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள், இன்னொரு நாள் அரைக் கரண்டி சாப்பிட்டுப் பாருங்கள். மெஷின் உங்களுக்கு உதவும் இடம் இதுதான். கூடிவிட்டதே என்று மறுநாள் முழுக்க அழுதுகொண்டிருக்க வேண்டாம்.

வாரக் கணக்குப் பார்க்காமல் உடனே குத்த வேண்டிய நேரமும் உண்டு. திடீரென்று வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடவென்று வந்தால் உடனே பாருங்கள். கிளிமிபிரைடால் சர்க்கரை தாழலாம். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். அதிரசமோ கந்தரப்பமோ அந்த நேரத்துக்கு ஆகாது, எண்ணெய்ப் பண்டத்தில் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். மெஷின் கைக்கு எட்டாவிட்டால் தேடிக்கொண்டிருக்காமல் சீனித் தண்ணீரை முதலில் குடியுங்கள். அப்படி ஒரு தடவை வந்தாலும் அந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், கிளிமிபிரைடு அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.