கட்டடக் கேள்வி–பதில்: மேலே காய்ந்திருக்கிறது, உள்ளே?

கேள்வி: தரை ஸ்லாப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. கனம் 150 மி.மீ. அடியில் ஈரத்தடுப்புத் தாள் விரித்துத்தான் போட்டார்கள். மேலே வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடக்கிறது. இதன்மேல் மரப்பலகை ஒட்டப் போகிறோம். பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தோம், ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. வேலையைத் தொடங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். உங்கள் சோதனை தப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது.

தாளின் அடியில் நீர்த்துளி கட்ட வேண்டுமானால் அங்கே காற்று முழுவதுமாக ஈரம் ஏறியிருக்க வேண்டும், அல்லது தாள் ஸ்லாபைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். அறையும் தரையும் ஒரே வெப்பத்தில் இருந்தால், உள்துளைக் காற்றில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள கான்கிரீட்டின் மேலும் தாள் காய்ந்தே இருக்கும். துளி கட்டினால் ஈரம் இருக்கிறது என்று நம்பலாம். துளி இல்லை என்பதால் ஈரம் இல்லை என்று நம்ப முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். கலவையில் ஊற்றும் தண்ணீர் முழுவதையும் சிமென்ட் எடுத்துக்கொள்வதில்லை. வேதிவினையில் கட்டுண்டு போவது சிமென்ட் எடையில் கால் பங்கு அளவுதான். வேலைக்குக் குழைவாக இருக்க வேண்டும் என்று பாதிப் பங்கு, சில இடங்களில் அதற்கு மேலும் ஊற்றுகிறோம். மிச்சத்தில் பெரும்பகுதி நுண்துளைகளில் தங்கி மெல்ல வெளியேறுகிறது. உங்கள் ஸ்லாபுக்கு அடியில் தாள் இருப்பதால் வெளியேற ஒரே வழி மேல்பக்கம். அதனால் மேலே காய்ந்தும் கீழே போகப்போக ஈரம் கூடியும் இருக்கும். இதன்மேல் பலகையும் பசையும் வைத்து மூடிய நாளிலிருந்து அந்த ஒரே வழியும் அடைபடுகிறது. அடியில் இருக்கும் ஈரம் மேலேறி, கனம் முழுக்கச் சமமாகப் பரவுகிறது. இன்று காய்ந்திருக்கும் மேல்பரப்பு, மூடிய சில மாதங்களில் காய்ந்த பரப்பாக இருக்காது.

அப்படிப் பரவி நிற்கும்போது மேலே எவ்வளவு ஈரம் வரும் என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டு. ஒரு பக்கம் மட்டும் காயும் ஸ்லாபில், மேலிருந்து கனத்தின் 40 சதவீத ஆழத்தில் இன்று இருக்கும் ஈரப்பதம்தான், மூடிய பிறகு வரப்போகும் அளவுக்கு மிக நெருக்கமானது. இரண்டு பக்கமும் காயும் ஸ்லாபுக்கு 20 சதவீத ஆழம். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் எஃப் 2170 என்ற நடைமுறை இந்த அடிப்படையில் எழுதப்பட்டதே. உங்களுக்கு 150 மி.மீ. என்றால் துளை 60 மி.மீ. ஆழம்.

துளை போடும் முறையிலும் கவனம் வேண்டும். தண்ணீர் ஊற்றாமல் உலர்வாகத் துளையுங்கள். துளைக்கும் முன் கம்பி, குழாய் எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பாருங்கள். தரைக்குள் வெந்நீர்க் குழாய் பதித்திருந்தாலோ, பெரும் விசையில் இழுத்து இறுக்கிய கம்பிகள் உள்ள ஸ்லாப் என்றாலோ, வரைபடம் பார்க்காமல் டிரில்லைத் தொடவே கூடாது. துளையின் தூளைப் பிரஷ் விட்டுத் தேய்த்து, வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். உள்ளே உறை செருகி, வாயை அடைத்து, 24 மணி நேரம் விட்டு, பிறகு ஈரப்பத உணரியால் துளைக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதத்தைப் படியுங்கள். டிரில் சூட்டில் துளைச் சுவரின் ஈரம் கலைந்திருக்கும், அது நிலைக்கு வர அவ்வளவு நேரம் தேவை. அவசரப்பட்டு அரை மணியில் படித்த அளவு எதற்கும் உதவாது. சோதனைக்கு 48 மணி நேரம் முன்பிருந்தே, அறை பிற்பாடு எந்த வெப்பத்தில், எந்த ஈரப்பதத்தில் புழங்கப் போகிறதோ அந்த நிலையில் இருக்க வேண்டும். முதல் 100 சதுர மீட்டருக்கு மூன்று துளை, அதற்கு மேல் ஒவ்வொரு 100 சதுர மீட்டருக்கும் இன்னொன்று.

மரத்தரைக்குத் துளையில் படிக்கும் ஈரப்பதம் பொதுவாக 75 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்வார்கள். ஆனால் உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் பலகையும் பசையும் செய்தவர்கள் எழுதியிருக்கும் அளவு. அதைத் தேடிப் படியுங்கள்.

நான் பார்க்கப் போன ஒரு கட்டடத்தில் மரத்தரை பிரித்துப் போடப்பட்டிருந்தது. பலகைகளின் ஓரம் தூக்கி, நடு குழிந்திருந்தது. அடியில் இருந்த பசை கொழகொழவென்று விரலில் இழுத்துக்கொண்டு வந்தது. கான்கிரீட்டிலிருந்து ஏறும் ஈரம் வெறும் தண்ணீர் இல்லை, கடும் காரம் கலந்தது. பசையை அது இளக்கிவிடும். அந்தத் தரையைப் போட்டவர்கள் மேலே ஒரு மீட்டரை வைத்துப் பார்த்ததோடு சரி. ஒரு துளை, ஒரு நாள் காத்திருப்பு, அவ்வளவில் தெரிந்திருக்கும். அந்த வீட்டுக்காரர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கேள்வி: கையடக்க ஈரமானி ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒரே தரையில் ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் 5 என்று காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டு ஊசி உள்ள வகையா, அடியில் தட்டை வைத்து அழுத்தும் வகையா என்று நீங்கள் எழுதவில்லை. ஊசி வகை மரத்துக்கு நல்லது. கான்கிரீட்டில் உப்பு இருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும், உடனே ஈரம் அதிகம் என்று காட்டிவிடும். தட்டை வகை மேலே ஓரிரு சென்டிமீட்டர் வரைதான் பார்க்கும். மேலாகக் கம்பி ஓடினால் அதுவும் ஏமாறும்.

ஆனாலும் தட்டை வகையைத் தூக்கிப் போடாதீர்கள். தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வைத்துப் பார்த்து, சுண்ணக்கட்டியால் அங்கேயே எண்ணை எழுதுங்கள். எங்கே அதிகம், எங்கே குறைவு என்று ஒரு படம் கிடைக்கும். துளைகளில் ஒன்றாவது அந்த அதிக இடத்தில் விழ வேண்டும். 3, 5 என்ற எண்ணை ஈர சதவீதம் என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

கேள்வி: கால்சியம் குளோரைடு தட்டு வைத்துச் செய்யும் சோதனை, கார்பைடு குப்பிச் சோதனை இரண்டில் எது மேல்?

பதில்: இரண்டும் வெவ்வேறு சங்கதி. கால்சியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சும் உப்பு. எடை போட்டு, மூடிக்குள் 60 முதல் 72 மணி நேரம் வைத்து, திரும்ப எடை போட்டால் தரை எவ்வளவு ஆவி விடுகிறது என்று தெரியும். அதுவும் மேல்பகுதி விடும் ஆவியே. அடியில் கிடக்கும் ஈரம் அதில் அகப்படாது.

கார்பைடு முறை அப்படியில்லை. நீங்கள் விரும்பும் ஆழத்திலிருந்து உளியால் கொத்தி எடுத்த துண்டை நொறுக்கி, எடை போட்டு, எஃகுக் குண்டுகளோடும் கார்பைடு குப்பியோடும் உருளைக்குள் போட்டுக் குலுக்க வேண்டும். குப்பி உடைந்து, கார்பைடும் ஈரமும் சேர்ந்து அசெட்டிலின் வாயு உண்டாகும். அதன் அழுத்தத்தை மேலே உள்ள மானி காட்டும், அதிலிருந்து ஈரத்தின் எடை கிடைக்கும். ஜெர்மனியில் இதுதான் வழக்கு. சிமென்ட் ஸ்கிரீடுக்கு, அதாவது ஸ்லாபின் மேல் சமன் செய்யப் போடும் கலவை அடுக்குக்கு, எடையில் 2.0 சதவீதம், உள்ளே சூடாக்கும் குழாய் இருந்தால் 1.8 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஸ்கிரீடுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். நொறுக்கும் வேலையைச் சட்டென்று முடியுங்கள், வெயிலில் உட்கார்ந்து நொறுக்கினால் ஈரம் பறந்துவிடும். உருளையைத் திறந்தவெளியில் திறங்கள். அருகில் நெருப்போ சிகரெட்டோ இருக்கவே கூடாது.

கேள்வி: 28 நாள் ஆகிவிட்டால் கான்கிரீட் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்தானே?

பதில்: இல்லை. 28 நாள் வலிமைக்கு வைத்த கணக்கு. காய்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நல்ல சூழலில் 50 மி.மீ. வரை நாளுக்கு ஒரு மி.மீ. என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேகம் வெகுவாகக் குறையும். கனம் இரட்டித்தால் நாள் இரட்டிப்பதோடு நிற்காது. அந்தக் கணக்கும், நீராற்றுவதை நிறுத்தி, கூரையும் சன்னலும் அடைத்து, மழை உள்ளே வராத நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: பழைய கட்டடத்தின் தூண்களை ரீபவுண்ட் ஹாமரால் சோதித்தோம். சராசரி 44 வந்தது. கருவியோடு வந்த அட்டவணைப்படி நல்ல வலிமை. மேலே இன்னொரு மாடி எடுக்கலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். (இளம் பொறியாளர் ஒருவர்)

பதில்: அந்த 44-ஐ வைத்து மாடி எடுக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன், நீங்களும் போடாதீர்கள்.

சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1940களின் இறுதியில் கொண்டுவந்த கருவி இது. உள்ளே ஒரு எடை, ஒரு ஸ்பிரிங். எடை போய் மோதி எவ்வளவு தூரம் திரும்பி வருகிறது என்று அளக்கிறது. அதாவது மேலே சில சென்டிமீட்டர் தோலின் கடினத்தை அளக்கிறது. பழைய கான்கிரீட்டில் காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து அந்தத் தோலை இறுக்கிவிடும். உள்ளே சாதாரணமாக இருந்தாலும் ஹாமர் உயர்ந்த எண்ணையே காட்டும். தூண் நனைந்திருந்தால் இதற்கு நேர்மாறாக எண் குறையும். புதுக் கட்டடத்துக்குப் போட்ட அட்டவணை இந்த இரண்டையும் அறியாது.

செய்ய வேண்டியது இது. பூச்சை முழுக்க நீக்கி, உடன் வரும் கல்லால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். தூணுக்குச் செங்குத்தாகப் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக அழுத்துங்கள். புள்ளிக்குப் புள்ளி குறைந்தது 25 மி.மீ. இடைவெளி, ஓரிடத்துக்குப் பத்து அடி. சராசரியிலிருந்து 6-க்கு மேல் விலகும் எண்ணை நீக்குங்கள். அப்படி இரண்டுக்கு மேல் விலகினால் அந்தத் தொகுதியையே விட்டுவிடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எஃகு அடைகல்லில் அடித்துப் பாருங்கள், 'N' என்ற எழுத்து வகை ஹாமர் 80-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

அதே இடத்தில் ஒரு மூலையைப் புதிதாக உடைத்து, தூளை ஊதிவிட்டு, பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். காரம் உள்ள கான்கிரீட் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். காரம் போன பகுதி நிறம் மாறாமல் கிடக்கும். எல்லைக்கோட்டை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். அது கம்பி வரை போயிருந்தால் உங்கள் கவலை வலிமையைத் தாண்டிப் போகிறது, கம்பிக்கு இருந்த காப்பே போய்விட்டது.

அடுத்து அல்ட்ராசோனிக். தூணின் எதிரெதிர் முகங்களில் கிரீஸ் தடவி இரண்டு முனைகளையும் அழுத்திப் பிடியுங்கள். 300 மி.மீ. தூணை ஒலி 75 மைக்ரோசெகண்டில் கடந்தால் வேகம் நொடிக்கு 4 கி.மீ. பரவலாகப் பயன்படும் பிரிப்பில் 4.5-க்கு மேல் மிக நன்று, 3.5-க்கு மேல் நன்று, 3-க்குக் கீழே சந்தேகம். உள்ளே தேன்கூடு போல் பொத்தல் இருந்தால் ஒலி சுற்றிப் போகும், நேரம் கூடும். ஒலி போகும் பாதையோடு கம்பி ஓடினால் வேகம் பொய்யாக உயரும். வெடிப்பில் தண்ணீர் நிரம்பியிருந்தாலும் ஒலி தடையில்லாமல் தாண்டிவிடும், வெடிப்பே தெரியாது. மழை விட்ட மறுநாள் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஹாமரும் அல்ட்ராசோனிக்கும் சேர்ந்து எந்தத் தூண் பலவீனம் என்று காட்டிக் கொடுக்கும். வலிமை எவ்வளவு என்று எண்ணாகச் சொல்ல, கோர் எனப்படும் உருளைத் துண்டை வெட்டி எடுத்து அழுத்திப் பார்ப்பதைத் தவிர நம்பகமான வழி இல்லை. மூன்று கோர்களின் சராசரி வடிவமைப்பு வலிமையில் 85 சதவீதம், எந்த ஒன்றும் 75-க்குக் குறையக் கூடாது என்பது பரவலான அளவுகோல். தூணில் கோர் எங்கே வெட்டுவது என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் குறித்துக் கொடுக்கட்டும்.

கேள்வி: நிலவறைச் சுவரில், கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனையில் −420 மில்லிவோல்ட் வந்தது. கம்பி துருப்பிடித்துவிட்டதா?

பதில்: செம்பு–செம்புச் சல்பேட் முனையை வைத்து அளந்தால் −350-க்குக் கீழே போகும்போது துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு என்று கொள்வது வழக்கம். −200-க்கு மேல் இருந்தால் துரு இல்லாதிருக்க 90 சதவீத வாய்ப்பு. ஆனால் நீங்கள் சொல்வது நிலவறை. எப்போதும் நீர் ஊறிய சுவரில் ஆக்சிஜன் கம்பியை எட்டாது. அப்போது துரு இல்லாமலே எண் ஆழமாகப் போகும். ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள். அரை மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்து வரைபடம் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் திடீரென்று எண் மாறும் இடம்தான் சந்தேகத்துக்குரியது. அங்கே சுத்தியலால் தட்டுங்கள். டொங்கென்று வெற்றொலி வந்தால் ஒரு சிறு பகுதியை உடைத்துக் கம்பியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தரை அவ்வப்போது வியர்க்கிறது. அடியிலிருந்து ஏறுகிறதா, காற்றிலிருந்து படிகிறதா?

பதில்: அலுமினியத் தாள் ஒன்றை நாலு பக்கமும் நன்றாக ஒட்டி, தரை அடுத்த முறை வியர்க்கும் வரை விடுங்கள். தாளின் மேல் நனைந்தால் காற்று, அடியில் நனைந்தால் தரை. காற்று என்றால் தரையைத் தோண்ட வேண்டாம், காற்றோட்டத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த ஈரப்பத உணரி சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சமையல் உப்பு போதும். சிறு கிண்ணத்தில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரச் சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். கிண்ணத்தையும் உணரியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடி, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் ஒரு ராத்திரி விடுங்கள். உப்பு நீர் உணரியின் மேல் படக் கூடாது. சாதாரண அறை வெப்பத்தில் அந்த டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். உணரி 75-ஐ ஒட்டிக் காட்டினால் வேலைக்கு எடுங்கள். 70 என்றோ 80 என்றோ காட்டினால் வாடகைக்குக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள்.